சுரங்கத் தொழிலாளி வாசித்த டிரம்பெட்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேற்கத்திய செவ்வியல் இசை என்பது உதகை, கொடைக்கானல் உறைவிடப் பள்ளிகளில் பெருந்தொகை கட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கே உரியது என்ற பொருளில் வாசகர் ஒருவர் அண்மையில் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். கட்டணம் பற்றி அவர் சொன்னது சரியே. அந்த இசையே வசதி படைத்தவர்களின் சொத்து என்று அவர் முடித்திருப்பதை மட்டும், வெலிங்டனில் இராணுவ பேண்டில் டிரம்பெட் வாசித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை. பிரெஞ்சு டிரம்பெட் கலைஞர் மொரிஸ் ஆந்த்ரேயின் வாழ்க்கையே அதற்கு மறுப்பு.

தெற்குப் பிரான்சில் செவென் மலையடிவாரத்தில் உள்ள அலெஸ் என்ற நிலக்கரி நகரில் 1933 மே 21 அன்று பிறந்தவர் ஆந்த்ரே. தந்தை சுரங்கத் தொழிலாளி. வேலை முடிந்த நேரத்தில் டிரம்பெட் வாசிப்பார். மகனும் 14 வயதில் சுரங்கத்தில் இறங்கி, ஏறத்தாழ 4 ஆண்டுகள் அங்கே உழைத்தார். அவருக்கு முறையாகக் கற்பித்தவர் தந்தையின் நண்பரான லியோன் பார்த்தெலெமி. பையனைப் பாரிஸ் இசைக்கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னவரும் அவரே. ஆனால், அனுப்பிப் படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. இராணுவ பேண்டில் சேர்ந்தால் கட்டணமின்றிப் படிக்கலாம் என்ற வழி இருந்ததால், பாரிசை அடுத்த மோன் வலேரியன் கோட்டையில் இருந்த படைப்பிரிவின் பேண்டில் சேர்ந்து, அங்கிருந்தபடியே கல்லூரிக்குள் நுழைந்தார்.

கல்லூரியில் அவருடைய ஆசிரியர் ரேமோன் சபாரிஷ். பயிற்சி போதாது என்று அவர் ஒருநாள் கடிந்து திருப்பி அனுப்பியதாகவும், சில வாரங்களில் ஆந்த்ரே திரும்பி வந்து டிரம்பெட் கற்பவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஆர்பன் பயிற்சி நூலின் கடைசிப் பகுதியில் உள்ள 14 பயிற்சிகளையும் பிசிறில்லாமல் வாசித்ததாகவும் டிரம்பெட் வாசிப்பவர்களிடையே ஒரு கதை உண்டு. அந்தப் பயிற்சிகளைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் இது எத்தகைய செய்தி என்பது விளங்கும். மூச்சு எடுக்க இடம் தேடித் தவிப்பதற்குள் உதடு துவண்டு, சுரம் சறுக்கத் தொடங்கிவிடும். டிரம்பெட்டை ஒத்த கார்னெட் என்ற கருவியிலும் பின்னர் டிரம்பெட்டிலும் கல்லூரியின் முதல் பரிசு பெற்ற அவர், 1955-இல் ஜெனீவாவிலும் 1963-இல் மியூனிக்கிலும் நடந்த சர்வதேசப் போட்டிகளில் வென்றார்.

அவருக்கு முன்பு டிரம்பெட் வாசிப்பவரின் இடம் பெரும்பாலும் இசைக்குழுவின் பின்வரிசைதான். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் காலத்து டிரம்பெட்டுக்குச் சுரத்தை மாற்ற விரலால் அழுத்தும் வால்வு கிடையாது; அதில் உச்ச ஸ்தாயியில் வாசிக்கும் வித்தை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியோடு ஏறக்குறைய வழக்கொழிந்தது. சாதாரண டிரம்பெட்டில் பாதி நீளமே உள்ள, ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் பிக்கலோ டிரம்பெட்டை ஆந்த்ரே தன் கைக்கருவியாக்கிக்கொண்டு அந்த இசையை மேடைக்கு மீட்டு வந்தார். டிரம்பெட்டுக்கென எழுதப்பட்டவை போதாமல், ஓபோ என்ற மரக்குழல் கருவிக்கும் வயலினுக்கும் எழுதப்பட்ட பழைய உருப்படிகளையும் எடுத்து வாசித்தார். கருவி சிறியது என்பதால் வாசிப்பது எளிது என்று எண்ணிவிடக் கூடாது. காற்று குறைவாகச் சென்றாலும் அழுத்தம் கடுமையாக இருப்பதால், வயிறும் வாயோரத் தசையும் ஒரு நொடி தளர்ந்தாலும் ஒலி உடைந்துவிடும். சுரங்கத்தில் உரமேறிய உடல் அவருக்கு இதில் துணை நின்றது என்றே நான் கருதுகிறேன். 300-க்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளைத் தந்த அவர், 1967 முதல் 1978 வரை தாம் படித்த கல்லூரியிலேயே பேராசிரியராக இருந்து, 2012 பிப்ரவரி 25 அன்று பயோன் நகரில் காலமானார்.

திறமை அவருடையதுதான். ஆனால் வீட்டில் ஒரு கருவியும், ஊரில் ஓர் ஆசிரியரும், கட்டணத்தைக் கடக்க ஒரு பேண்டும் இல்லாதிருந்தால் அவர் சுரங்கத்திலேயே இருந்திருப்பார். நீலகிரியில் காற்றுக்கருவி புதிதன்று. கோத்தர்களின் குழலும் கொம்பும் இம்மலையில் தலைமுறை தலைமுறையாக ஒலிப்பவை. மாதா கோயில் திருவிழாவிலும் மாரியம்மன் திருவிழாவிலும் தேயிலைத் தோட்டத்து இளைஞர்கள், ஒடுக்கு விழுந்த பழைய டிரம்பெட்டில் கேள்விஞானத்தை மட்டும் கொண்டு வாசிப்பதை எவரும் காணலாம். மார்கழிக் காலையில் பித்தளை சில்லிட்டுக் கிடந்தால் சுருதி இறங்கிவிடும் என்பதை அறிந்து, ஊதுவாயை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிக்கொள்ளும் அளவுக்கு அவர்களுக்குத் தொழில் தெரிகிறது. இசைக்குறிப்பைப் படிக்கச் சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் கற்பிக்கப்படுவது மகிழ்ச்சிக்குரியது. டிரம்பெட்டுக்கு அங்கே இடமில்லை. எனக்குத் தெரிந்த ஓர் அரசுப் பள்ளியில் பேண்டு கருவிகள் அலமாரியில் பூட்டிக் கிடந்து, வால்வுகள் இறுகிப்போயிருக்கின்றன.

ஆந்த்ரே சென்ற வழி இங்கேயும் திறந்தே இருக்கிறது. கடற்படையும் விமானப்படையும் அக்னிவீர் திட்டத்தில் இசைக்கலைஞர்களைத் தனியே தேர்வு செய்கின்றன. 10-ஆம் வகுப்புத் தேர்ச்சியும் ஒரு கருவியைச் சுருதி பிசகாமல் வாசிக்கும் திறமும் அதற்கான அடிப்படைத் தகுதிகள். இது தோட்டப் பகுதிப் பள்ளிகளில் எத்தனை தலைமையாசிரியர்களுக்குத் தெரியும்? குன்னூர், வெலிங்டன், அருவங்காடு வட்டாரத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பேண்டு வீரர்களைப் பகுதிநேரப் பயிற்றுநர்களாக அமர்த்தி, சனிக்கிழமை தோறும் வகுப்பு நடத்தப் பள்ளிக் கல்வித் துறை முன்வர வேண்டும். புதிய கருவிகள் உடனே வாங்க வேண்டியதில்லை. பூட்டிக் கிடப்பவற்றை வெளியே எடுத்து, வால்வுகளைக் கழற்றித் துடைத்து எண்ணெய் இட்டாலே முதல் ஆண்டு வகுப்பை நடத்திவிடலாம். அந்த வேலையைச் செய்துதர என்னைப் போன்றோர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இராணுவ பேண்டு வீரர்,
அருவங்காடு, நீலகிரி மாவட்டம்.