மலைப் பிள்ளைகளின் பயிற்சியை மலைமக்களே முடிவு செய்யட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் நிலை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் தொடங்கிய பழங்குடியினர் துணைத் திட்டம், அவர்களின் மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்கச் சொல்கிறது; ஆனால், அந்த நிதியை எதற்குச் செலவிடுவது என்று அம்மக்களிடம் கேட்பது அரிது. அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையின்கீழ் அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதி எதுவும் தமிழகத்தில் இல்லாததால், பிற மாநிலங்களில் பழங்குடி கிராம சபைகளுக்கு 1996ஆம் ஆண்டு ஊராட்சி விரிவாக்கச் சட்டம் (பெசா) வழங்கிய, தங்கள் ஊர்த் திட்டங்களுக்கு ஒப்புதல் தரும் அதிகாரமும் இங்கு இல்லை.

ஜவ்வாது மலையில் நான் ஆசிரியராக இருந்தபோது, சாமை அரவை இயந்திரம் பழுதானால், போளூரிலிருந்து ஆள் வரும்வரை மூட்டைகள் திண்ணையிலேயே கிடக்கும்; பத்தாம் வகுப்பு முடித்த அவ்வூர்ப் பிள்ளைகளோ, அதைச் சரிசெய்யும் பயிற்சி இல்லாமல், வெளிமாநிலங்களுக்குக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எனவே, மலைப்பகுதித் தொழிற்பயிற்சி நிலையங்களில் எந்தப் பிரிவுகளைத் தொடங்குவது, அவற்றுக்கு எவ்வளவு நிதி தருவது என்பதை முடிவு செய்ய அந்தந்த மலையிலேயே ஒரு குழு அமைத்து, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு முக்கால் பங்கு இடம் தந்திருப்பதைப் போல, அதிலும் பழங்குடிப் பெற்றோருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் பெரும்பான்மை அளித்துத் தமிழக அரசு ஆணையிட வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், போளூர்