பின்வளவில் ஒரு சிறுவீடு: கட்டத் தொடங்குமுன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஸ்காபரோவிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் வீட்டுத் திருத்த வேலைகளுக்காகவும் நிலவறைக் குடியிருப்புகளுக்காகவும் எங்களிடம் வருபவர்களில் பலர், அண்மைக்காலமாக, வளவின் பின்புறத்தில் தனியாக ஒரு சிறுவீடு கட்டித் தருவீர்களா என்று கேட்கிறார்கள். மாநகரசபை இதனைக் கார்டன் சூட் என்கிறது. தொலைபேசியில் ஆளுக்கொரு துண்டாகச் சொல்லும் விளக்கம் பல வேளைகளில் குழப்பத்தையே கூட்டுவதால், நாங்கள் எந்த ஒழுங்கில் இவ்வேலையைப் பார்க்கிறோம் என்பதை ஒரே மடலில் எழுதிவிடுகிறோம்.

பெரும்பாலானோரின் முதற் கேள்வி "எவ்வளவு முடியும்?" என்பதுதான். அதற்கு மறுமொழி சொல்லுமுன் உங்கள் வளவு இவ்வீட்டை ஏற்குமா என்று பார்க்க வேண்டும் என்பதும், அதற்குப் பிறகு பணம், அதற்கும் பிறகுதான் வரைபடம் என்பதும் எங்கள் நிறுவனத்தின் வழக்கம். வரைபடத்தில் தொடங்கினால், கட்ட முடியாத வீட்டுக்குச் சமையலறை நிறம் தெரிவு செய்யும் நிலை வந்துவிடும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரொறன்ரோ மாநகரசபை பின்வளவு வீடுகளுக்கான துணைவிதியை 2022 பெப்ரவரியில் நிறைவேற்றியது. அதற்கெதிரான மேன்முறையீடு ஒன்ராறியோ நிலத் தீர்ப்பாயத்தில் தள்ளுபடியானதும் அவ்வாண்டு ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மாகாண அரசு, நகர நீர்க்குழாயும் கழிவுக்குழாயும் உள்ள குடியிருப்புக் காணிகளில் மூன்று அலகுகள், அதாவது தனிக் குடியிருப்புகள், வரை அமைக்கும் உரிமையைச் சட்டமாக்கியது. 2022 துணைவிதி வகுத்த அளவின்படி சிறுவீடு நிலத்தில் பிடிக்கும் பரப்பு 60 சதுர மீற்றரைத் தாண்டக்கூடாது, அதாவது ஏறத்தாழ 645 சதுர அடி. பின்வளவு சிறியதாயின் இதுவும் குறையும். பெரிய வீட்டுக்கும் சிறுவீட்டுக்கும் இடையில் நகரங்கள் கேட்கக்கூடிய இடைவெளியை 4 மீற்றருக்கு மட்டுப்படுத்தி 2024 நவம்பரில் மாகாணம் ஓர் ஒழுங்குவிதி கொண்டுவந்தது. முன்னர் கைவிட்ட சில வளவுகளை நாம் மீண்டும் எடுத்துப் பார்ப்பதற்கு அதுவே காரணம். மார்க்கம், ஏஜாக்ஸ், பிக்கரிங் போன்ற நகரங்களுக்குத் தனித்தனித் துணைவிதிகள் உள்ளன என்பதால், ரொறன்ரோ அளவுகளை அங்கே அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

உங்கள் வளவில் நாங்கள் முதலில் அளப்பது பின்புறத்தை அல்ல, பக்கவாட்டு ஒழுங்கையை. தீப்பிடித்தால் தீயணைப்பு வீரர்கள் தெருவிலிருந்து சிறுவீட்டு வாசலுக்கு நடந்து போகும் பாதை ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலமும் 2.1 மீற்றர் உயரத் திறப்பும் உடையதாக, தடையின்றி இருக்க வேண்டும்; அதன் நீளமும் 45 மீற்றருக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேற்பட்டால் தானியங்கி நீர்த்தெளிப்பான் போன்ற கூடுதல் பாதுகாப்புகள் வேண்டியிருக்கும், செலவும் ஏறும். 1950களிலும் 60களிலும் கட்டப்பட்ட ஸ்காபரோ பங்களோக்களில் சுவருக்கும் வேலிக்கும் இடையே 1.2 மீற்றர் இருப்பதைப் பார்த்து வீட்டுக்காரர் மகிழ்வார். ஆனால் எரிவாயு மானி சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் நாடாவைப் பிடித்தால் 80 சென்ரிமீற்றர்தான் வரும், அதற்கு இரண்டடி தள்ளிக் குளிரூட்டிப் பெட்டியும் குந்தியிருக்கும். பெட்டியை இடம் மாற்றுவது இலகு. மானியை மாற்ற எரிவாயு நிறுவனத்திடம் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். புகைபோக்கியின் செங்கல் உடல் வெளியே தள்ளியிருந்தால் அதற்கு மாற்றுவழி காண்பது கடினம். மறுபக்கத்தில் டிரைவ்வே அகலமாக இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அடுத்தது மரம். தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளக்கும்போது 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுடைய மரத்தை, அது உங்கள் சொந்த வளவில் நின்றாலும், ரொறன்ரோவில் அனுமதியின்றி வெட்டவோ அதன் வேரைச் சிதைக்கவோ முடியாது. பக்கத்து வீட்டுக்காரரின் மேப்பிள் மரம் வேலிக்கு அப்பால் நின்றாலும், அதன் வேர்ப்பாதுகாப்பு வட்டம் உங்கள் வளவுக்குள் வரும். அத்திவாரம் அவ்வட்டத்துக்குள் விழுமானால், தோண்டும் அத்திவாரத்துக்குப் பதிலாகத் திருகாணித் தூண்களில் வீட்டை நிறுத்துவது போன்ற வழிகளை மரவியலாளருடன் சேர்ந்து பார்க்க வேண்டும். ஹைலன்ட் கிறீக் பள்ளத்தாக்கை ஒட்டிய வளவுகளுக்கு இதற்கு மேலாக நீரேந்துப் பகுதிப் பாதுகாப்புச் சபையின் அனுமதியும் மாநகரசபையின் பள்ளத்தாக்குப் பாதுகாப்பு விதியும் குறுக்கே வரும். அந்த வளவுகளுக்கு நாங்கள் காலவரையறை எதுவும் சொல்வதில்லை.

பணத்தை உண்மையில் விழுங்குவது கண்ணுக்குத் தெரியாத நிலத்தடி வேலை. ரொறன்ரோவில் உறைபனி ஏறத்தாழ 1.2 மீற்றர் ஆழம் வரை இறங்கும் என்பதால் நீர்க்குழாயும் கழிவுக்குழாயும் அதற்குக் கீழே போக வேண்டும். கழிவுக்குழாய்க்கு நாங்கள் வைக்கும் சரிவு நூறுக்கு இரண்டு. சிறுவீட்டிலிருந்து பெரிய வீட்டின் குழாய்வரை 30 மீற்றர் என்றால், தொடக்கத்தில் 1.2 மீற்றர் ஆழத்தில் இருக்கும் குழாய் வந்து சேரும்போது மேலும் 60 சென்ரிமீற்றர் இறங்கி 1.8 மீற்றரில் நிற்கும். உங்கள் நிலவறையின் அடித்தளக் குழாய் அதைவிட ஆழத்தில் இருந்தால் கழிவு தானாக ஓடும். மேலே இருந்தால் பம்பி வைக்க வேண்டும், பம்பி வைத்தால் அதைப் பராமரிக்கவும் மின்வெட்டு நாளில் சமாளிக்கவும் வேண்டும். ஆகவே முதற் சந்திப்பிலேயே நாங்கள் உங்கள் நிலவறைக்குள் இறங்கிக் குழாயின் ஆழத்தைப் பார்ப்பதை யாரும் தவறாக எண்ண வேண்டாம். பழைய வீடுகளில் தெருவிலிருந்து வரும் நீர்க்குழாய் அரை அங்குலமாகவே இருப்பதுண்டு. இரண்டு குடும்பம் ஒரே நேரத்தில் குளித்தால் அது போதாது. மின்சாரம் 100 அம்பியரில் இருந்தால் 200 ஆக்க வேண்டியிருக்கும் என்று எதிர்பாருங்கள். தோண்டுவதற்கு முன் நிலத்தடி இணைப்புகளைக் குறியிடச் செய்வது ஒன்ராறியோவில் சட்டக் கடமை; அதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் நாள் எடுக்கும்.

இவ்வளவும் பொருந்தினால், யாருக்காகக் கட்டுகிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள். அம்மா அப்பாவுக்காகவா, மணமுடித்த பிள்ளைக்காகவா, வாடகைக்காகவா? வயதானவர்களுக்காயின் ஒரு மாடி மட்டும், வாசலில் படி இல்லாமல், சக்கரநாற்காலி நுழையும் கதவுடன், குளியலறைச் சுவரில் பிடிகம்பி பொருத்த உள்ளே பலகை வைத்து அமைக்க வேண்டும். வாடகைக்காயின் இரண்டு மாடி எடுத்துப் படுக்கையறைகளை மேலே கொண்டுபோவது இலாபம். இன்று அம்மாவுக்கு, நாளை வாடகைக்கு என்று எண்ணுபவர்கள் அம்மாவுக்கேற்பக் கட்டுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. படியில்லாத வீட்டை வாடகைக்காரரும் விரும்புவார், படியுள்ள வீட்டை அம்மா பயன்படுத்த இயலாது. தனி உறுதி எழுதிச் சிறுவீட்டை மட்டும் விற்றுவிடலாம் என்ற எண்ணத்துடன் எவரும் தொடங்க வேண்டாம். இது பெரிய வீட்டோடு சேர்ந்த சொத்து. நாள்வாடகைக்கு விடும் எண்ணமும் வேண்டாம், ஏனெனில் ரொறன்ரோவில் குறுங்கால வாடகை, நீங்கள் நிரந்தரமாக வசிக்கும் வீட்டுக்கு மட்டுமே அனுமதிக்கப்படுகிறது.

இனிப் பணம். சமையலறை, குளியலறை, தனி வெப்பமூட்டல் எல்லாம் கொண்ட சிறுவீடு, நிலத்தடி வேலைகளையும் சேர்த்தால், ரொறன்ரோவில் பொதுவாக மூன்று இலட்சம் டொலரைத் தாண்டும். அதற்கு 13 சதவீத விற்பனை வரி வேறு. யாராவது அரைவாசி விலைக்கு முடித்துத் தருவதாகச் சொன்னால், குழாயும் மின்சாரமும் அந்த விலையில் அடக்கமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கையில் முழுப்பணம் உள்ளவர்கள் குறைவு. பெரும்பாலானோர் வீட்டின் பெறுமதியைக் கொண்டே கடன் எடுக்கிறார்கள். பழைய வீட்டுக் கடனைப் பெரிதாக்கி மீண்டும் எடுக்கும் வழமையான மறுநிதியீட்டில் வீட்டுப் பெறுமதியின் 80 சதவீதம் வரை போகலாம். வீடு பத்து இலட்சம் டொலர், மீதிக் கடன் ஐந்தரை இலட்சம் என்றால், எடுக்கக்கூடியது இரண்டரை இலட்சம். மேற்சொன்ன செலவுக்கு இது போதாது. வேண்டியபோது எடுத்துத் திருப்பிக் கட்டும், வீட்டுப் பெறுமதிமீதான சுழற்கடனாயின் அந்தச் சுழற்பகுதி 65 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பவே 2025 ஜனவரி 15 முதல் மத்திய அரசு, கடன் திரும்பாவிட்டால் வங்கியின் நட்டத்தை ஈடுசெய்யும் காப்புறுதியுடன் கூடிய வீட்டுக் கடனுக்குப் புதிய விதியை அனுமதித்தது: கூடுதல் அலகு கட்டுவோர், வேலை முடிந்தபின் வீட்டுக்கு வரக்கூடிய பெறுமதியின் 90 சதவீதம் வரை, 30 ஆண்டுத் தவணையில் கடன் பெறலாம், அப்பெறுமதி இருபது இலட்சம் டொலருக்குக் குறைவாக இருக்க வேண்டும், நீங்களோ நெருங்கிய உறவினரோ ஓர் அலகில் வசிக்க வேண்டும், கூடுதலாக எடுக்கும் தொகை கட்டுமானச் செலவைத் தாண்டக்கூடாது. காப்புறுதிக் கட்டணமும் கடனோடு சேரும் என்பதை மறக்க வேண்டாம். இவ்விதியின் கீழ் எல்லா வங்கிகளும் ஒரே மாதிரிக் கடன் தருவதில்லை; உங்கள் கடன் முகவரிடம் இதைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

எண்பதாயிரம் டொலர் இரண்டு சதவீத வட்டிக்குக் கிடைக்குமாமே என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். 2024இல் அறிவிக்கப்பட்ட அக்கடன் திட்டத்தை 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் மத்திய அரசு கைவிட்டது. ஆகவே அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். நடைமுறையில் உள்ளது பல தலைமுறை வீட்டுத் திருத்த வரிச்சலுகை. 65 வயதோ அதற்கு மேலோ உடைய உறவினரோ, மாற்றுத்திறனுடைய வயதுவந்த உறவினரோ வசிப்பதற்காக அமைக்கும் அலகின் செலவில் 50,000 டொலர் வரை கணக்கில் எடுத்து, ஒரு பங்கை அது திருப்பித் தருகிறது. 2023இல் தொடங்கியபோது அப்பங்கு 15 சதவீதம், அதாவது உச்சமாக 7,500 டொலர். உங்கள் கட்டடத்துக்கு அது பொருந்துமா, அவ்வாண்டின் வீதம் என்ன என்பதைக் கட்டத் தொடங்குமுன்னரே கணக்காளரிடம் உறுதிப்படுத்தி, பற்றுச்சீட்டுகளை முதல் நாளிலிருந்து சேர்த்து வையுங்கள். புதிய கட்டடங்களுக்கு மாநகரசபை விதிக்கும் அபிவிருத்திக் கட்டணம் முதல் மூன்று அலகுகளுக்கு அறவிடப்படாது என்பது இன்னொரு நல்ல செய்தி.

வாடகையே கடனைக் கட்டிவிடும் என்ற கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டுகிறோம். மூன்று இலட்சம் டொலரை ஐந்து சதவீத வட்டியில் 30 ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 1,600 டொலர். அதன்மேல் கூடும் சொத்து வரி, காப்புறுதி, வாடகை வருமானத்துக்கான வரி, ஆளில்லாத மாதங்கள், ஏதாவது பழுது. 2018 நவம்பர் 15க்குப் பின் முதன்முதலாகக் குடியேறிய அலகுகளுக்கு மாகாணத்தின் வருடாந்த வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது என்பது உரிமையாளருக்குச் சாதகமானது. ஆனால் வாடகை தராதவரை வெளியேற்ற வேண்டிவந்தால் குடியிருப்புச் சட்டமும் தீர்ப்பாயமும் எல்லோருக்கும் ஒன்றே. வாடகை வராத ஆறு மாதங்களைச் சமாளிக்கும் கையிருப்பு இல்லாதவர்களுக்கு, நாங்கள் நிலவறைக் குடியிருப்பை முதலில் ஒழுங்குபடுத்துவதையே பரிந்துரைக்கிறோம். அது எங்களுக்குச் சிறிய வேலைதான். ஆயினும் அதுதான் சரி.

அனுமதிப் பகுதியில் ஒரே ஒரு விடயத்தை வலியுறுத்துகிறோம். எல்லா விதிகளுக்கும் அடங்கிய வரைபடம் முழுமையாகச் சமர்ப்பிக்கப்பட்டால் வீட்டுக் கட்டட அனுமதி விண்ணப்பத்துக்கு 10 வேலைநாட்களில் மறுமொழி தர வேண்டும் என்கிறது கட்டட விதிக்கோவை. விதியைவிட ஒரு முழம் கூட்டிக் கேட்டால் அது, விதிவிலக்குகளைத் தீர்மானிக்கும் விலக்களிப்புக் குழுவுக்குப் போய், அயலவர்களுக்கு அறிவித்தல் அனுப்பி, விசாரணை வைத்து, மாதக்கணக்கில் இழுபடும். அந்த ஒரு முழத்துக்காக அவ்வளவு காலம் காத்திருப்பதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எங்களைக் கேட்டால், வேண்டாம் என்போம். மத்திய அரசின் வீட்டு வடிவமைப்புத் தொகுப்பில் இலவச வரைபடங்கள் கிடைக்கின்றன. அவை நல்ல தொடக்கம். ஆயினும் உங்கள் காணிக்கேற்ப அவற்றைத் திருத்தத் தகுதியுள்ள வடிவமைப்பாளர் வேண்டும்.

எங்களுடனோ வேறு எவருடனோ ஒப்பந்தம் செய்தாலும், பணத்தை வேலை நிலைகளுக்கேற்பப் பிரித்தே கொடுங்கள். ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 சதவீதத்தை நிறுத்தி வைக்குமாறு ஒன்ராறியோ கட்டுமானச் சட்டமே சொல்கிறது. எங்கள் கீழ் வேலை செய்யும் பிளம்பருக்கோ மரம் தந்த கடைக்கோ நாங்கள் காசு கொடுக்கத் தவறினால் அவர்கள் அந்த நிலுவைக்காக உங்கள் காணிமீது பற்றுரிமை (லீன்) பதியக்கூடும். அப்போது உங்களைக் காப்பது அந்தப் பத்து சதவீதம்தான். நிறுத்தி வைப்பதைக் கேட்டு முகம் சுளிக்கும் ஒப்பந்தக்காரரிடம் விலகியே இருங்கள்.

எங்களைச் சந்திக்க வரும்போது காணியின் நிலஅளவை வரைபடம், கடைசிச் சொத்து வரிச் சீட்டு, கடன் மீதி காட்டும் வங்கிக் கடிதம், வீட்டுக் காப்புறுதிப் பத்திரம் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். நிலஅளவை வரைபடம் தொலைந்திருந்தால் வீடு வாங்கியபோது உறுதி எழுதிய வழக்கறிஞரிடம் கேட்டுப் பாருங்கள், பல வேளைகளில் கோப்பில் இருக்கும். பக்கவாட்டு ஒழுங்கையை நீங்களே அளந்து, மானியும் குளிரூட்டியும் தெரியும்படி ஒரு படமும் எடுத்து அனுப்பினால், நாங்கள் வந்து பார்ப்பது பயனுள்ளதா என்பதைப் பெரும்பாலும் அந்தப் படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இங்ஙனம்,
நிர்வாகத்தினர்