குறுகிய இடத்தில் படகை நிறுத்துவது பற்றி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பழைய படகை விற்றுவிட்டு ஒரு சுற்றுப் பெரிய பாய்மரப் படகை நீ வாங்கியது குறித்து எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் மெரினாவில், அதாவது படகுகளை நிறுத்தும் துறையில், கிடைத்த இடம் மட்டும் குறுகலாக அமைந்துவிட்டது என்றும், 3.4 மீட்டர் அகலமுள்ள படகை 4.2 மீட்டர் அகலமுள்ள இடத்துக்குள் நுழைக்க வேண்டும் என்பதை நினைத்தாலே கை நடுங்குகிறது என்றும் எழுதியிருந்தாய். இங்கும் ஏறக்குறைய அதே கதைதான். வரிசைகளை மாற்றி அமைத்தபோது எனக்கு உள்வரிசையில் ஓர் ஒடுக்கமான இடத்தை ஒதுக்கிவிட்டார்கள். முதலில் முணுமுணுத்தேன், இப்போது பழகிவிட்டது. ஆகையால் இந்தக் கடிதம் முழுவதும் படகை நிறுத்திக் கட்டும் பேச்சாகவே இருக்கும். பொறுத்துக்கொள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மீதமிருப்பது 80 சென்டிமீட்டர். இரு பக்கமும் 20 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஃபெண்டர்களை, அதாவது மோதலைத் தாங்கும் மெத்தைகளை, தொங்கவிட்டால், பக்கத்துக்கு 20 சென்டிமீட்டர் எஞ்சும். கேட்பதற்குப் பயமாக இருந்தாலும், உள்ளே நுழைந்துவிட்ட படகுக்கு இந்த ஒடுக்கம் உண்மையில் ஒரு துணை என்றே நான் கருதுகிறேன். அகலமான இடத்தில் காற்று படகைக் குறுக்கே திருப்பிவிட முடியும். ஒடுக்கமான இடத்தில் படகு கோணலாகத் திரும்ப வழியே இல்லை, அதிகம் போனால் ஃபெண்டர்மீது சாய்ந்துகொள்ளும். உன் கவலையெல்லாம் உள்ளே இருக்கும் அந்த 80 சென்டிமீட்டரில் இருக்கிறது. இருக்க வேண்டியதோ, வாசலுக்கு முன்னால் உள்ள ஒரு படகு நீளத் தண்ணீரில்.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பார். முன்னோக்கிச் செல்லும் படகு தன் நடுவைச் சுற்றித் திரும்புவதில்லை; முன்முனையான அணியத்திலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கும் ஒரு புள்ளியைச் சுற்றியே திரும்புகிறது. அதனால் அணியம் வாசலுக்குள் அழகாகப் போய்க்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் வெளியே அகலமாக வீசிப் பக்கத்துத் தூணை உரசும். திருப்பம் முழுவதும் முடிந்து, படகு நேராகி, அதன் பிறகே அணியம் வாசலைத் தாண்ட வேண்டும். இதற்கு இடம் வேண்டும். வரிசைகளுக்கு நடுவே உள்ள நீர்வழி, அங்கே நிற்கும் நீளமான படகைப் போல ஒன்றரை மடங்காவது இருப்பது பொதுவான வழக்கம். ஆனால் எதிர்வரிசைப் படகுகளின் நங்கூரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த ஒன்றரை மடங்கு கரைந்துபோகும். எனவே காகிதத்தில் உள்ள அளவை நம்பாமல், ஒரு நாள் நடைமேடையில் நின்று உன் கண்ணாலேயே பார்த்துவிடு.

அடுத்தது வேகம். ஒரு நாட் என்பது நொடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர். பத்து மீட்டர் படகு தன் முழு நீளத்தைக் கடக்க இருபது நொடி ஆகும். யோசிப்பதற்கு அது தாராளமான நேரம். இரண்டு நாட்டில் வந்தால் நேரம் பாதியாகிறது, மோதலின் ஆற்றலோ நான்கு மடங்காகிறது. அதற்காக ஊர்ந்து போனால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. சுக்கானைக் கடந்து தண்ணீர் ஓடினால்தான் சுக்கான் வேலை செய்யும். மிக மெதுவாகப் போகும்போது காற்று அணியத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடும். இந்த இக்கட்டுக்கு வழி, சுக்கானைத் திருப்பிய பிறகு எஞ்சினுக்கு ஒரு நொடி முடுக்குக் கொடுத்து உடனே நியூட்ரலுக்கு வருவதுதான். புரொப்பல்லர் தள்ளும் நீர் சுக்கானில் பாய்ந்து பின்பக்கத்தைத் திருப்பும். படகு வேகம் பிடிப்பதற்குள் தள்ளுதல் முடிந்துவிடும். உன் புதிய படகில் இரட்டைச் சுக்கான் என்று எழுதியிருந்தாயா, ஒற்றைச் சுக்கானா? இரட்டை என்றால் இந்த உத்தி பலிக்காது. நீர் இரண்டுக்கும் நடுவே ஓடிவிடும். அப்போது கொஞ்சம் கூடுதல் வேகத்தோடுதான் வர வேண்டியிருக்கும்.

ரிவர்ஸ் கியரின் குணத்தையும் நீ முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பல்லர் என்றால், ரிவர்ஸ் போட்டதும் பின்பக்கம் இடப்புறமாக இழுபடும். கையேட்டைத் தேட வேண்டாம். படகு நன்றாகக் கட்டியிருக்கும்போதே ரிவர்ஸில் போட்டு, நுரைத்த நீர் எந்தப் பக்கமாக முன்னோக்கிக் கிளம்பி வருகிறது என்று எட்டிப் பார். பின்பக்கம் அதற்கு எதிர்ப்பக்கம் போகும். எஞ்சினிலிருந்து சாய்வாக இறங்கும் தண்டுள்ள படகுகளில் இந்த இழுப்பு பலமாக இருக்கும். எஞ்சினிலிருந்து நேராகக் கீழே இறங்கும் காலில் புரொப்பல்லரைப் பொருத்திய செயில் டிரைவ் உள்ளவற்றில் குறைவு. இடப்புறம் இழுக்கும் படகுக்கு இடப்புறம் நடைமேடை உள்ள இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்: நிறுத்துவதற்காக ரிவர்ஸ் போடும் அதே கணத்தில் பின்பக்கம் தானாகவே மேடையோடு ஒட்டிவரும். நடைமேடை மறுபுறம் இருந்தால் அதே ரிவர்ஸ் உன்னை அண்டைப் படகின் மீது தள்ளும்.

நான் இப்போது பெரிதும் நம்பியிருப்பது ஒரே ஒரு கயிற்றை. படகின் நடுப்பகுதியில் உள்ள கிளீட்டிலிருந்து (கயிற்றைச் சுற்றிக் கட்டும் கொம்பு) புறப்பட்டு, படகின் பக்கவாட்டில் நீளும் பக்க மேடையின் வெளிமுனையில் உள்ள கொம்பில் மாட்டும் ஸ்பிரிங் கயிறு அது. அணியம் எதிரே உள்ள நடைபாதையைத் தொடுவதற்கு அரை மீட்டர் முன்பாகவே இறுகிப் படகை நிறுத்தும்படி அதன் நீளத்தை ஒரு முறை சரிபார்த்து, கிளீட்டில் விழும் இடத்தில் சிவப்பு நாடாவைச் சுற்றி வைத்திருக்கிறேன். படகு வாசலைத் தாண்டியதும், தளத்தில் நின்றபடியே அந்தக் கயிற்றின் முனையிலுள்ள கண்ணியை எடுத்து மேடையின் கொம்பில் மாட்டிவிடலாம். கயிறு இறுகியபின் எஞ்சினை முன் கியரில், மிகக் குறைந்த ஓட்டத்தில் விட்டு, சுக்கானை மேடைக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பினால், படகு மேடையோடு ஒட்டி அசையாமல் நிற்கும். மற்றக் கயிறுகளை அவசரமின்றி ஒவ்வொன்றாகக் கட்டலாம். ஒரு நுணுக்கம்: இரவும் பகலும் படகைத் தாங்கும் கயிறுகளுக்கு நீண்டு கொடுக்கும் நைலான் நல்லது, ஆனால் இந்த ஒன்றுக்கு நீளாத பாலியஸ்டரை எடு. நைலான் நீண்டுவிட்டால் சிவப்பு நாடா சொல்லும் கணக்குப் பொய்யாகிவிடும்.

அண்டைப் படகுக்கும் உனக்கும் நடுவே மேடை இல்லாத பக்கத்தில், வெளித் தூணிலிருந்து நடைபாதை வரை இடுப்பு உயரத்தில் ஒரு தடித்த கயிற்றை இழுத்து நிரந்தரமாகக் கட்டிவிடு. காற்று உன்னை அந்தப் பக்கம் தள்ளினாலும் படகு கயிற்றில் சாய்ந்தபடியே உள்ளே வழுக்கிப் போகும். என் அண்டைக்காரர் முதலில் முகம் சுளித்தார். பிறகு தம் பக்கத்துக்கும் ஒன்று கட்டிக்கொண்டார். இரண்டு படகுகளும் ஒரே திசையில் நிற்கும்போது பாய்மரங்கள் அருகருகே வந்து, அலையில் ஆடுகையில் குறுக்குக் கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் அபாயம் உண்டு. ஒருவர் முன்பக்கமாகவும் மற்றவர் பின்பக்கமாகவும் நிறுத்தினால் அதுவும் தீர்ந்தது. உட்காருமிடங்களும் எதிரெதிராக இருக்காது என்பது கூடுதல் நன்மை.

பின்பக்கமாக நுழைவது பற்றிக் கேட்டிருந்தாய். காற்று இடத்தின் உட்புறத்திலிருந்து வாசலை நோக்கி வீசும் நாளில் அது முன்பக்கமாக நுழைவதைவிட எளிது. அணியத்தில்தான் காற்றுக்குப் பிடி அதிகம். எனவே பின்னோக்கிப் போகும் படகு தன் பின்பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி நிற்கவே விரும்பும், நீ அதற்கு இடம் கொடுத்தால் போதும். குறுக்குக் காற்றில் நான் முயல்வதில்லை. 10 நாட் காற்று 14 ஆனால் அதன் தள்ளுவிசை இரட்டிப்பாகிறது என்பதை மறந்துவிடாதே. பார்வைக்கு அது ஒரு சிறு மாற்றம் போலத்தான் தெரியும். நீரோட்டம் குறுக்கே ஓடும் இடமாக இருந்தால், ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே நீர் அசையாமல் நிற்கும் வேளைக்குக் காத்திரு.

உடன் இருப்பவர்களிடம் எஞ்சினைக் கிளப்பும் முன்பே எல்லாவற்றையும் பேசிவிடு. யார் எந்தக் கயிறு, எந்தப் பக்கம், எப்போது என்பது தெளிவாக இருந்தால் கத்த வேண்டிய அவசியமே வராது. மெரினாவில் கணவன் மனைவி சண்டைகளில் பாதி அந்தக் கடைசி இருபது நொடிக்குள் பிறப்பவைதான். யாரும் மேடைக்குத் தாவக் கூடாது. யாரும் கையையோ காலையோ கொடுத்துப் படகைத் தள்ளக் கூடாது. பல டன் எடையை எலும்பு தாங்காது. தனியாக ஒரு ஃபெண்டரைக் கையில் வைத்துக்கொண்டு, இடிக்கப்போகும் இடத்தில் அதை நுழைப்பதுதான் உதவியாளரின் வேலை. நுழைவு சரியாக அமையவில்லை என்று தோன்றினால், அணியம் வெளித் தூணைத் தாண்டுவதற்குள் பின்வாங்கிவிடு. மறுபடி வருவதில் ஓர் அவமானமும் இல்லை. கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் எப்படியும் பார்க்கத்தான் போகிறார்கள்.

மறுகடிதத்தில் மூன்று விவரங்களை எழுது: பக்க மேடை உனக்கு இடப்புறமா வலப்புறமா, புரொப்பல்லர் எந்தப் பக்கம் இழுக்கிறது, வழக்கமான காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது. படகின் நீளத்தை எழுதும்போது அணியத்தில் நீட்டியிருக்கும் நங்கூரத்தையும் சேர்த்து அள. நடைபாதையில் போகிறவர்களின் முழங்காலுக்கு நேராக அது நிற்கக் கூடாது. இவை தெரிந்தபின் ஸ்பிரிங் கயிற்றின் நீளத்தை நாம் சேர்ந்தே கணக்கிடலாம். அதுவரை கயிற்றை வாங்கி வைத்தாலும் வெட்டிவிடாதே.

அன்புடன்,
உன் நண்பன்