பெயர் தெரியவில்லையா, கேட்கவில்லையா?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரையில் உள்ள அந்த அருங்காட்சியகத்தின் அறங்காவலர்களுக்கு,

வணக்கம். இதே விஷயத்தை ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதிவிட்டேன். இரண்டு முறையும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரே பதில், ஒரு காற்புள்ளிகூட மாறாமல். சரி, இந்த முறை என் மொழியில் எழுதுகிறேன். கோபம் வந்தாலும் தடுமாறாமல் எழுத வரும்.

ஆகஸ்டில் மகளோடு வந்திருந்தேன். மாடியில், சன்னலோரக் கண்ணாடிப் பெட்டியில், உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி மூடி போட்ட ஒரு கூடை. கீழே அட்டை: 'வாபனாகிப் பெண்களின் கைவேலை, 1890 வாக்கில். செய்தவர்: தெரியவில்லை.' அதற்கும் கீழே, நன்கொடை தந்த குடும்பத்தின் பெயர் மூன்று தலைமுறைக்கு. அடுத்த அறையில் ஒரு கப்பல் கேப்டனின் ஓவியம். அவர் காலடியில் படுத்திருக்கும் நாயின் பெயரையும் போட்டிருக்கிறீர்கள். மகள் கேட்டாள்: "நாய்க்குப் பேர் தெரியுது, கூடை பண்ணவங்களுக்குத் தெரியலையாம்மா?"

இந்தக் கடலோரத்துப் பழங்குடிகளான வாபனாகிகள் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாசல் சுவரில் 'விடியல் நாட்டு மக்கள்' என்று நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். கூடையைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஷ் மரத்தை வெட்டி, கோடரியின் பின்பக்கத்தால் அடிமரம் முழுக்க அடித்துக்கொண்டே போனால்தான் ஆண்டு வளையங்கள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்று பட்டையாக உரியும். அது பெரும்பாலும் ஆண்கள் வேலை. அதை மெலிதாகப் பிளந்து, பல் வைத்த மரக்கட்டையில் இழுத்து ஒரே அகலக் கீற்றாக்கி, கடலோரச் சதுப்பில் பறித்த வாசனைப் புல்லைச் சடையாகப் பின்னிச் சேர்த்து, மர அச்சின் மேல் இப்படிப்பட்ட சின்னக் கூடைகளை முடைந்தது பெண்கள். கோடையில் குடும்பத்தோடு பார் ஹார்பர் போன்ற ஊர்களுக்குப் போய்க் கூடாரம் போட்டு, விடுமுறைக்கு வந்த பணக்காரர்களிடம் விற்றார்கள். அதாவது, வாங்கியவர் அநேகமாகக் கூடை முடைந்த குடும்பத்தாரின் எதிரே நின்று பேரம் பேசியிருப்பார். பெயர் கேட்க அரை நிமிடம் ஆகியிருக்குமா?

அதனால்தான் கேட்கிறேன்: 'தெரியவில்லை' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'செய்தவர் பெயரை வாங்கியவர்களும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை' என்று எழுதுங்கள்.

அந்தக் காலத்தில் இவர்களைப் பற்றி யார் எழுதி வைத்தார்கள் என்று சொல்லாதீர்கள். வேண்டியதை நன்றாகவே எழுதி வைத்தார்கள். 1755 நவம்பரில் மாசசூசெட்ஸின் லெப்டினன்ட் கவர்னர் ஸ்பென்சர் ஃபிப்ஸ், வாபனாகிகளில் ஒரு பிரிவான பெனோப்ஸ்காட் மக்களைக் குறிவைத்துப் போட்ட அறிவிப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 12 வயதுக்கு மேற்பட்ட ஆணைக் கொன்று அறுத்த தலைத்தோலுக்கு 40 பவுண்டு. பெண்ணை உயிரோடு பிடித்து வந்தால் 25, தலைத்தோல் மட்டும் என்றால் 20. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பையனின் தலைத்தோலுக்கும் அதே 20. காய்கறிக் கடைப் பலகைகூட இவ்வளவு துல்லியமாக இருக்காது.

பெயர் எழுதிய இடத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? வைத்தியம் பார்த்து ஊர் ஊராகப் போன அபெனாகிப் பெண் மோலி ஆக்கெட் 1816-இல் மெய்னின் ஆண்டோவரில் இறந்தார். ஞானஸ்நானப் பெயர் மாரி அகாத். அபெனாகி மொழியில் 'ர' இல்லாததால் அது மாலி அகாத் ஆனது. ஆங்கிலக் காதில் விழுந்து மோலி ஆக்கெட்டாக எழுந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவில், வெளியாளைக் கல்யாணம் செய்த பழங்குடிப் பெண்ணின் பெயரைச் சட்டமே அரசின் பழங்குடிப் பதிவேட்டிலிருந்து அடித்தது. ஆண் யாரைக் கட்டினாலும் அவன் பெயர் பத்திரமாக இருந்தது. அப்படிப் பெயர் இழந்தவர்களில் ஒருவரான, டோபிக் என்ற மாலிசீட் ஊரைச் சேர்ந்த சாண்ட்ரா லவ்லேஸ் 1977-இல் ஐ.நா. வரை போய், 1981-இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்து, 1985-இல்தான் சட்டம் திருந்தியது. அதுவும் அரைகுறையாக.

எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். இதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை. உங்கள் பொறுப்பில் இருப்பது ஓர் அட்டை. உங்கள் கடையில் அந்தக் கூடையின் படம் போட்ட கோப்பை ஒன்று விற்கிறது. அது எந்த நாட்டில் செய்தது என்று அடியில் தெளிவாக அச்சடித்திருக்கிறது. கூடைக்கோ எல்லாரையும் ஒன்றாகப் போட்டுக் கட்டிய 'வாபனாகி' என்ற ஒரே மூட்டை. அதற்குள் எந்த மக்கள்? பெனோப்ஸ்காட்டா, பாசமக்வாடியா, மாலிசீட்டா, மிக்மாக்கா, அபெனாகியா?

தயவுசெய்து இன்றும் கூடை முடைகிறவர்களை அழைத்து அதைக் காட்டுங்கள். அச்சும் பல்கட்டையும் வீட்டுவழியாகக் கைமாறுகிறவை. எந்த வீட்டுக் கை என்று யாராவது சொல்லக்கூடும். வருகிறவர்களுக்கு வழிச்செலவும் கூலியும் கொடுங்கள், கோப்பை விற்ற காசிலேயே கொடுக்கலாம். பெயர் கிடைத்தால் நன்கொடையாளருக்கு மேலே போடுங்கள். கிடைக்காவிட்டால், மறுபடியும் பணிவோடு கேட்கிறேன், 'கேட்கவில்லை' என்று போடுங்கள்.

புது அட்டை அச்சடிக்கப் பணம் இல்லையென்றால் சொல்லுங்கள், நான் தருகிறேன். நன்கொடையாளர் என்று என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஆகஸ்டில் இரண்டு டிக்கெட் வாங்கிய ஒரு தாய்