பூட்டிய வீட்டு ஆர்.ஓ.

கோட்டையூர்

அன்புள்ள சாத்தப்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி கல்யாணத்தைக் கானாடுகாத்தான் வீட்டிலேயே நடத்துவது என்று தீர்மானித்தாயே, அதற்கு முதலில் என் பாராட்டு. வளவில் பந்தி போட்டு எத்தனை காலமாயிற்று! எனக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. ஆனாலும் முகப்பில் உட்கார்ந்து வருகிறவர்களை வரவேற்கும் வேலை என்னுடையது.

தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷினைப் பற்றிக் கேட்டிருந்தாய். மாட்டியதிலிருந்து வீடு பெரும்பாலும் பூட்டியே கிடந்ததால் அது புத்தம் புதிதாக இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். அப்படி நம்பிவிடாதே. ஆர்.ஓ. ஓடாமல் நின்றாலும் கெடும். உள்ளே தேங்கிய தண்ணீரில் மாதக்கணக்கில் கிருமி வளர்ந்து மெம்பிரேன் மேல், அதாவது உப்பை வடிகட்டும் சவ்வின் மேல், வழவழவென்று படலம் பிடிக்கும். சரி, வடித்துக் காயவிடலாம் என்றால் அதுவும் ஆகாது. நனைந்த மெம்பிரேன் காய்ந்துபோனால் தண்ணீர் விடும் திறன் குறைந்துவிடும்.

ஆகவே வீட்டைத் திறந்ததும் மெம்பிரேனுக்கு முன்னால் இருக்கும் இரண்டு வடிகட்டிகளையும், மண்ணைப் பிடிக்கும் கேண்டிலையும் குளோரினைப் பிடிக்கும் கார்பனையும், யோசிக்காமல் மாற்றச் சொல். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் செம்மண் வந்தால் கேண்டில்தான் முதலில் அடைபடும். சென்னையில் உன் வீட்டுக்கு வருவது குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர். அங்கே கார்பனைத் தவறவிட்டால் குளோரின் மெம்பிரேனையே அரித்துவிடும். தொட்டியைக் கழுவி, முதலில் நிரம்பும் இரண்டு தொட்டித் தண்ணீரையும் கொட்டிவிடு. அப்பத்தா முதல் மழையை ஓடவிட்டு, அடுத்ததைத்தானே அண்டாவில் பிடிப்பாள்!

மெம்பிரேன் விலை அதிகம். வருகிற மெக்கானிக் எடுத்த எடுப்பிலேயே அதை மாற்றச் சொன்னால் தலையாட்டாதே. தண்ணீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள். உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் அளந்து பார். உள்ளே 1000, வெளியே 70 என்றால் 93 சதவீத உப்பை மெம்பிரேன் பிடித்துக்கொள்கிறது, கவலையில்லை. வெளியே 250, 300 என்று ஏறினால்தான் சந்தேகம். அப்போதும், ருசிக்காகச் சுத்திகரிக்காத தண்ணீரைச் சிறிது கலக்கும் திருகு ஒன்று இருக்கும். அதை யாராவது அதிகமாகத் திறந்து வைத்திருக்கிறார்களா என்று முதலில் பார்க்கச் சொல். மெஷின் நின்ற பிறகும் கழிவுக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் வால்வில்தான் கோளாறு. ஒன்று மட்டும் நினைவில் வை: மீட்டர் உப்பைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு வழியே இல்லாத ஊரில் 2000 வரை போகலாம். உன் சென்னை வீட்டுக் குழாய்த் தண்ணீரே 500-க்குள் இருந்தால், உப்புக்காக இந்த மெஷின் தேவையே இல்லை. காய்ச்சிக் குடித்தால் போதும். காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்கு, எல்லா வீட்டிலும் ஒரு மெஷின் ஏன் தொங்குகிறது என்று அடிக்கடி தோன்றும்.

பந்திக்கும் சமையலுக்கும் இதை நம்பாதே. வீட்டு மெஷின் மணிக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் கொடுத்தாலே பெரிது. ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் கழிவாகவும் போகும். கேன் தண்ணீருக்குத் தனியாகச் சொல்லிவிடுவோம். கழிவுத் தண்ணீரைக் கழிப்பறைக்கு விடு. ஆத்தங்குடிக் கல்லில் மட்டும் ஊற்ற விடாதே, உப்புப் பூத்துத் தரை வெளுத்துவிடும். அதைத் தேய்க்கிற ஆச்சியின் வசவு உனக்குத்தான்.

கல்யாணம் முடிந்து பூட்டும்போது உள்ளே வரும் குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கி, தொட்டியை மட்டும் வடித்துவிட்டுக் கிளம்பு. வீட்டைத் திறக்கும் நாளைப் பத்து நாள் முன்பே எழுது. மெக்கானிக்கை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் முத்தையா