நான்கு என்று வந்தது

அன்புள்ள நண்பா,

கடிதமும் ஸ்கேன் படங்கள் இருந்த குறுந்தட்டும் நேற்று கிடைத்தன. கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் படத்தைத்தான் முதலில் திறந்தேன். சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுக்கப் போய், ‘இடது அட்ரினலில் 2.2 செ.மீ. கட்டி’ என்று ரிப்போர்ட் வந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? அளவை எழுதியவர்கள், உன்னைத் தூங்க வைத்திருக்கக்கூடிய ஓர் எண்ணை எழுதாமல் விட்டுவிட்டார்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பிதான் அட்ரினல். படத்தில் கவிழ்த்துப் போட்ட கவட்டை போலத் தெரியும். உன்னுடையதில் கவட்டையின் ஒரு காலில் உருண்டையாக ஒரு புடைப்பு.

நல்லவேளை, கல்லுக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேனில், உறுப்புகளைப் படத்தில் பளிச்சென்று காட்டும் ஊசி மருந்து ஏற்றுவதில்லை. நமக்கு வேண்டியது அந்த வெறும் படம்தான். அதிலுள்ள ஒவ்வொரு சாம்பல் நிறத்துக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீர் 0, கொழுப்பு ஏறக்குறைய மைனஸ் 100. ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு என்போம், சி.டி.யை உருவாக்கியதற்காக 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பொறியாளரின் பெயர். அட்ரினலின் வெளிப்பகுதிச் செல்கள் கொலஸ்ட்ராலிலிருந்துதான் கார்டிசால் என்ற ஹார்மோனைச் செய்கின்றன. அங்கே வளரும் சாதுவான கட்டி, அதாவது அடினோமா, பெரும்பாலும் கொழுப்பைச் சுமந்துகொண்டிருப்பது அதனால்தான். கொழுப்பு கூடினால் எண் இறங்கும். கட்டி ஒரே சீராக இருந்து, எண் 10 அல்லது அதற்குக் கீழே என்றால் புற்றுநோய்ப் பயத்தை விட்டுவிடலாம்.

மவுஸால் கட்டிக்குள் ஒரு வட்டம் வரைந்தேன். பயிற்சிக் காலத்தில் இதே வட்டத்தைக் கட்டியின் ஓரத்தில் போட்டு, வெளியே இருந்த கொழுப்பையும் சேர்த்து அளந்து, மைனஸ் எண்ணோடு பெருமையாகப் போய் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து ஓரத்தைத் தொடாமல், மூன்று இடங்களில் அளப்பேன். உனக்கு மூன்றிலும் 4-ஐ ஒட்டியே வந்தது.

10-ஐத் தாண்டியிருந்தால் கதை நீளும். கொழுப்புக் குறைந்த அடினோமாக்களும் உண்டு. மருந்து ஏற்றி, 15 நிமிடம் கழித்து அது எவ்வளவு வெளியேறியிருக்கிறது என்று பார்ப்போம். அடினோமாவில் சீக்கிரம் வடிந்துவிடும். ஆனால் அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியும் சில சமயம் அப்படியே வடிந்து ஏமாற்றும். எம்.ஆர்.ஐ.யும் செல்லுக்குள் இருக்கும் அதே கொழுப்பைத்தான் வேறு வழியில் தேடும். உனக்கு இதெல்லாம் வேண்டாம்.

ஊசி குத்திச் சதை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டவே வேண்டாம். ஃபியோகுரோமோசைட்டோமா இல்லை என்று உறுதியாகாமல் அட்ரினலில் ஊசி வைத்தால் ரத்த அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். உன் கட்டிக்கு அந்த அவசியமும் இல்லை.

சரி, ஒன்று மட்டும் பாக்கி. கட்டி எதனால் ஆனது என்பதைத்தான் படம் சொல்லும், அது என்ன சுரக்கிறது என்பதைச் சொல்லாது. அதற்கு ரத்தம்தான் கொடுக்க வேண்டும். இரவு 11 மணிக்கு மேல் கார்டிசாலை அடக்கும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை 1 மி.கி., அடங்கியிருக்கிறதா என்று பார்க்க மறுநாள் காலை 8 மணிவாக்கில் ரத்தத்தில் கார்டிசால் அளவு. உனக்கு ஏற்கெனவே பி.பி. இருப்பதால், அதோடு தொடர்புடைய ஆல்டோஸ்டிரோன், ரெனின் இரண்டையும் ரத்தத்தில் பார்க்கச் சொல். பி.பி. மாத்திரைகளில் சில இந்த முடிவைக் குழப்பும். என்னென்ன சாப்பிடுகிறாய் என்று முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடு.

நான் நலம். முழங்கால்தான் படியேறும்போது முனகுகிறது. நானும் ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும், தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அப்புறம், நாலு பக்கக் கடிதத்தில் அந்தக் கல்லைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! 4 மி.மீ. இருக்கிறது, சிறுநீர்க்குழாயின் அடிப்பக்கம் வந்துவிட்டது. பெரும்பாலும் தானே இறங்கிவிடும். வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்