மெனுவில நக்கல் வேண்டாம் மச்சான்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

சுகமா? இஞ்ச கச்சான் காத்து தொடங்கிற்று, பகலில கொம்பியூட்டருக்கு முன்னால இருக்க ஏலாது. உன்ட வாவிக் கேமின் வசனக் கோப்பை வாசிச்சன். தோணிக்காரக் கிழவன் அபாரம். வலை அறுந்தா அவன் அடிக்கிற நக்கலில ஒரு எழுத்தும் மாத்தாத. ஆனா அதே நக்கலை சேவ், வெளியேறு, இலகு, கடினம் என்ற மெனு வசனம் எல்லாத்திலயும் பூசி வைச்சிருக்கிறாய். அங்க ஆடுறவரோட கதைக்கிறது நீ. உன்ட பேச்சை அவர் நம்பவேணும்.

1992இல வுல்ஃபென்ஸ்டைன் 3டி என்ற கேம், இலகு நிலைக்கு "அப்பா, நானும் விளையாடலாமா?" என்று பேர் வைச்சு, நாயகனுக்குக் குழந்தைத் தொப்பியும் சூப்பியும் மாட்டிவிட்டது. அந்தக் காலத்துப் பகிடி. இண்டைக்குக் கை நடுக்கமுள்ள ஒருவர் அதைத் தெரிவுசெய்யத் தயங்குவார். செலஸ்ட் (2018) உதவி முறையில வேகத்தை 100இலிருந்து 50 சதவீதம் வரை பத்துப் பத்தாக் குறைக்கலாம், சாகாமலும் ஆடலாம். அதுக்கே முதல் எழுதின முன்னுரை, உதவியில்லாம ஆடுறதுதான் நல்லம் என்ற தொனியில இருந்து, மறுகா மாத்தி எழுதினாங்க. நக்கலே இல்லாத வசனத்துக்குள்ளயும் குத்தல் நுழையும்.

டூம் (1993) வெளியேறும்போது பகிடி விடும்தான். ஆனா எந்த விசையை அழுத்தணும் என்று அதே பெட்டியிலயே நேராச் சொல்லிரும். உன்டதில "தோத்தோடப் போறியா?" என்றதுக்குக் கீழ "ஓம்", "இல்லை" மட்டும்தான் கிடக்கு. எது சேவ் ஆனது என்று ஆருக்குத் தெரியும்? "கடைசியாச் சேவ் ஆனது 4 நிமிடத்துக்கு முன்" என்று எழுது. பட்டனில "வெளியேறு", "தொடர்ந்து ஆடு" என்று வை.

பெரிய சிக்கல், செத்தா வாற பகிடிகள். எட்டு வசனத்தை ரன்டமா எடுத்தா, ஒவ்வொரு சாவிலயும் முந்தினதே திரும்ப வர எட்டில் ஒரு வாய்ப்பு. எட்டையும் கலைச்சு வரிசையா எடு; முடிஞ்சதும் திரும்பக் கலை. புது வரிசையின் முதலாவது, பழையதின் கடைசியா இருந்தா இடம் மாத்து. மறுகா, ஒரே இடத்தில மூண்டு தரம் செத்தா கிழவன் வாயை மூடட்டும்; "வேகத்தைக் குறைக்கவா?" என்று நீ கேள். செக்பொயின்ட் (செத்தாத் திரும்பத் தொடங்கிற இடம்) தாண்டினதும் அந்தக் கணக்கைப் பூச்சியமாக்கு. இல்லாட்டி அடுத்த இடத்தில முதல் சாவிலயே உதவி வந்து நிக்கும்.

துணிச்சலுக்கு நீ உதாரணம் சொன்ன ஹெல்பிளேட் (2017) கேம், அடிக்கடி தோத்தா சேவ் முழுக்க அழியும் என்று வெருட்டிச்சு. அது வெறும் பம்மாத்து. அதின் நாயகி செனுவாவின் மனநிலைக்கு அது பொருந்தும்தான். ஆனா விசயம் தெரிஞ்ச பிறகு அந்தக் கேம் சொல்ற எந்த எச்சரிக்கைக்கும் மதிப்பில்ல. அதே வருசத்து நியர்: ஆட்டோமேட்டா, முகம் தெரியாத ஒருத்தருக்கு உதவ உன்ட சேவை அழிக்கவா என்று கேட்கும். நன்றி கிடைக்காது, அவரை உனக்குப் பிடிக்காமலும் இருக்கலாம் என்று சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டு, ஓம் என்றா உண்மையாவே அழிக்கும். எனக்கு இதுதான் துணிச்சல்.

அப்டேட் குறிப்பை "பாசமுள்ள எங்கள் குடும்பமே" என்று தொடங்கி "சில பிழைகள் திருத்தப்பட்டன" என்று முடிக்காத. எந்தப் பதிப்பில, எந்த இடத்தில சேவ் உடைஞ்சது, உடைஞ்ச ஆள் என்ன செய்யணும் என்று மூண்டு வரி எழுதினாக் காணும்.

மாத்தினதும் அனுப்பு, பழைய போனில ஓட்டிப் பாக்கிறன். வீட்டில எல்லாரையும் கேட்டதாச் சொல்லு.

இப்படிக்கு,
மச்சான்